நேராய் வராத அலை: திருகோணமலையில் ஒரு ரொக் பாடல் உருவான விதம்

திருகோணமலையில் மூன்று நண்பர்கள் சேர்ந்து செய்த ஒரு ரொக் பாடல் பற்றிய ஆய்வு இது. பாடலின் நீளம் நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு. முதல் வடிவம் ஒலிப்பதிவு முடிந்து, கலவையும் முடிந்து, வெளியிட வேண்டியதுதான் பாக்கி என்ற நிலையில் கைவிடப்பட்டது. இரண்டாவது வடிவம்தான் வெளியே வந்தது. அதே மூவர், அதே நட்பு, ஏறக்குறைய அதே மெட்டு. முதலாவது ஏன் நிற்கவில்லை, இரண்டாவது எந்தெந்த இடங்களில் திருந்தியது என்பதை இரண்டாவது வடிவத்தை ஒலிப்பதிவு செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். மூவரும் கேட்டுக்கொண்டபடி பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர் போட்ட வரிசையில் நிற்காத மனிதர்களைப் பற்றிப் பாட்டு எழுத உட்காரும் எவருக்கும் இரக்கம்தான் முதலில் கைக்கு வருகிறது. அதிலிருந்து கொண்டாட்டத்துக்கு வந்து சேர நல்ல மனம் மட்டும் போதாது. வரிகள் மாற வேண்டும், சுருதி மாற வேண்டும், தாளம் மாற வேண்டும், ஒலிவாங்கி வைக்கும் இடம்கூட மாற வேண்டும். இந்தப் பாடலில் அவை எல்லாமே மாறின.

மூவர்

கிட்டார் வாசித்துப் பாடுபவர் ஒரு திருநங்கை. நகரில் தையல் வேலை செய்கிறார். டிரம்ஸ் வாசிப்பவர் திருக்கடலூர் மீனவக் குடும்பத்தில் பிறந்த பெண். திருமணமாகி ஒரு மகள் இருக்கிறாள். பள்ளிக்கூடக் காலத்தில் பேண்ட் வாத்தியக் குழுவில் முரசு அடித்த கை அது. திருமணத்துக்குப் பிறகு குச்சிகள் அலுமாரிக்குள் போய்விட்டன. பேஸ் கிட்டார் வாசிக்கும் இளைஞர் பாலையூற்றுப் பறங்கியர் குடும்பத்தைச் சேர்ந்தவர். மூவரில் இளையவர், ஆனால் இசையைப் பற்றி அதிகம் வாதாடுபவர்.

சட்டை தைக்கக் கொடுக்கப் போன இடத்தில் சுவரில் தொங்கிய கிட்டாரைப் பார்த்துத்தான் டிரம்ஸ்காரர் பாடகியுடன் கதைக்கத் தொடங்கினார். பேஸ்காரர் பிறகு வந்து ஒட்டிக்கொண்டார். மாலையில் டச்சு விரிகுடாக் கடற்கரையில் மூவரும் உட்கார்ந்திருப்பார்கள். கோட்டைப் பக்கமிருந்து புள்ளிமான்கள் வீதிக்கு இறங்கி வரும் நேரம் அது. ஊர்க்காரர்களுக்கு இந்த மூவரையும் எந்தப் பெட்டிக்குள் போடுவதென்று தெரியவில்லை. உறவினரும் இல்லை, காதலரும் இல்லை, ஒரே சமயமும் இல்லை, ஒரே வயதும் இல்லை. பெரியவர்கள் வாய்விட்டே கேட்டார்கள்: “இவர்கள் உனக்கு என்ன முறை?”

இந்தக் கேள்விக்குப் பின்னால் சட்டத்தின் நிழலும் இருக்கிறது. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையில், ஒருபால் உறவைக் குற்றமாக்கும் 365, 365அ ஆகிய பிரிவுகள் இன்னும் நீக்கப்படவில்லை. அவற்றைத் திருத்தக் கொண்டுவரப்பட்ட தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அதற்கு முன்பே, 2016இல், பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெறுவதற்கான வழிமுறை சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை மூலம் வந்துவிட்டது. காகிதத்தில் நடந்த இந்த நகர்வுகள், ஒத்திகை முடிந்து இரவில் கிட்டாரோடு வீடு திரும்பும் ஒரு திருநங்கையின் தோளைப் பின்னாலிருந்து யாரும் தட்டுவதை நிறுத்திவிடவில்லை. அதனால்தான் அவர் ஒருநாளும் தனியாகத் திரும்பவில்லை. சைக்கிளிலோ ஓட்டோவிலோ மற்ற இருவரில் ஒருவர் கூடவே போவார்.

முதல் வடிவம்

முதல் வடிவத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன். குறை சொல்ல முடியாத சுத்தமான வேலை. நிமிடத்துக்கு 70 துடிப்பில் மெதுவான நான்கு-நான்கு தாளம். கீழே நீண்டு கிடக்கும் கீபோர்ட் ஒலி. சரணங்களுக்கு இடையே கணினியிலிருந்து எடுத்த வயலின் கூட்டம். ஒவ்வொருவரும் வேறு வேறு நாளில், காதுக்குள் தாளம் எண்ணும் மெட்ரோனோம் கருவியின் சத்தத்தைக் கேட்டபடி தனித்தனியாக வாசித்திருந்தார்கள். வரிகள் இப்படித் தொடங்கின:

சிறகொடிந்த பறவை அவள்
சிரிப்பின் பின்னே அழுகிறாள்

எழுதியவர் டிரம்ஸ்காரர். அன்போடுதான் எழுதினார். இரண்டாம் சரணத்தில் ஒரு உண்மைச் சம்பவமும் இருந்தது. அவருடைய மாமி, வீட்டுக்கு வரும் பாடகிக்குத் தேநீரைத் தனிக் கோப்பையில் கொடுப்பார். அந்தக் கோப்பை மற்றவற்றோடு சேராமல் குசினி யன்னல் விளிம்பில் கவிழ்ந்திருக்கும். மருமகளுக்கு அது ஆறாத கோபம். அந்தக் கோப்பையைப் பாட்டுக்குள் வைத்தே தீருவது என்று நின்றார்.

இந்த நிலையில் ஒரு தொண்டு அமைப்பு செலவை ஏற்க முன்வந்தது. பல்லவியில் ‘பன்மைத்துவம்’ என்ற சொல் வர வேண்டும், காணொளியின் முடிவில் ஒரு செய்தி வாசகம் வர வேண்டும் என்று கேட்டார்கள். பணம் சிறிய தொகை அல்ல. மூவருக்கும் அது தேவைப்பட்டது. அதைப் பற்றிக் கதைக்கக் கூடிய கூட்டத்தில்தான் பாடகி முதன்முறையாக மனம் திறந்தார். டிரம்ஸ்காரரைப் பார்த்து அவர் சொன்னதை அங்கிருந்த இருவருமே எனக்குத் தனித்தனியாகத் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள்:

“தங்கச்சி, அந்தக் கோப்பையைப் பாட்டில் வைத்தால் ஒவ்வொரு மேடையிலும் நான் அதில் குடிக்க வேண்டும்.”

அதோடு அந்த வடிவம் முடிந்தது. பணமும் போயிற்று.

இதைவிடக் கூர்மையான இசை விமர்சனத்தை நான் கேட்டதில்லை. பாடல் என்பது திரும்பத் திரும்ப நிகழ்த்தப்படும் பொருள். கட்டுரையில் ஒரு அவமானத்தை ஒருமுறை எழுதிவிட்டுப் போகலாம். பாட்டில் வைத்தால் அதைப் பாடுகிறவர் ஒவ்வொரு முறையும் அந்த அவமானத்துக்குள் நின்றாக வேண்டும். கேட்பவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன்னை நல்லவராக உணர்ந்து வீட்டுக்குப் போவார். பாடியவர் அடுத்த மேடையில் மறுபடி அழ வேண்டும். இந்தக் கணக்கு நியாயமில்லை என்பதுதான் பாடகியின் வாதம்.

வரிகள்

மறுபடி எழுத உட்கார்ந்தபோது முதலில் எடுத்த முடிவு, தங்கள் மூவரில் எவரையும் படர்க்கையில் பாடுவதில்லை என்பது. தமிழ் வினைமுற்று, மரியாதை விகுதி இல்லாத படர்க்கை ஒருமைக்குப் போனவுடன் ஆணா பெண்ணா என்று கேட்கும். ‘நீ வந்தாய்’, ‘நான் வந்தேன்’ என்று ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டால் அந்தக் கேள்வியே எழாது. நண்பர்கள் கதைப்பதும் அப்படித்தான். இதனால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. ஊராருக்கு விளக்கம் சொல்லும் குரல் பாட்டிலிருந்து போய்விட்டது; இருவர் பேசிக்கொள்வதை ஊர் ஒட்டுக் கேட்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது முடிவு, உவமைகளை வெட்டியது. பறவை போயிற்று, மெழுகுவர்த்தி போயிற்று, முள்ளில் பூத்த மலரும் போயிற்று. மூவரும் உண்மையில் சேர்ந்து செய்யும் காரியங்களை மட்டும் ஒரு பட்டியலாக எழுதினார்கள்: சைக்கிள் மிதிப்பது, தேநீர் குடிப்பது, மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது, கடன் கொடுப்பது, கடனைக் கேட்காமல் விடுவது. அதிலிருந்து பிறந்த முதல் சரணம்:

மீன் சந்தை வழியாய் வந்தாய்
மணியடித்துச் சைக்கிள் நிறுத்தி
என்ன முறை என்று கேட்டார்
பிளேன்டீ இரண்டு சொன்னாய்

கேள்விக்கு நான்காவது வரி பதில் சொல்லவில்லை. அப்படி ஒரு கேள்வி காதில் விழுந்ததாகவே அது காட்டிக்கொள்ளவில்லை. கொண்டாட்டம் இங்கேதான் தொடங்குகிறது. பல்லவி பேஸ்காரர் கொண்டுவந்தது:

நேராய் நில் என்றது ஊர்
நீயும் நானும் கரையோரம்
எந்த அலை நேராய் வந்தது, சொல்
எந்த அலை வராமல் போனது

மூன்றாம் சரணம் பற்றி எனக்கு மனக்குறை உண்டு. அங்கே பாட்டு மறுபடி விளக்கம் சொல்லத் தொடங்குகிறது. ‘யாரும் யாரையும்போல் இல்லை’ என்ற வரி முதல் இரண்டு சரணங்களும் காட்டியதையே வாயால் சொல்கிறது. பதிவுக்கு முன் எடுத்துவிடச் சொன்னேன். டிரம்ஸ்காரர் சம்மதிக்கவில்லை. அது அவர்களின் பாட்டு, வரி இருக்கிறது.

சுருதி

முதல் வடிவம் ஏ சுருதியில் இருந்தது. பல்லவியின் உச்ச ஸ்வரம் 440 ஹெர்ட்ஸில் போய் நின்றது. பாடகியின் குரல் இயல்பாகவே தாழ்ந்த, அகலமான குரல். அந்த உயரத்தில் அது மெலிந்து, நடுங்கி, கெஞ்சியது. அந்த நடுக்கத்தைத்தான் எல்லோரும் உருக்கம் என்று பாராட்டினார்கள். பெண் பாடுகிறாள் என்றால் மேலே பாட வேண்டும் என்று யாரும் உத்தரவிடவில்லை. ஆனாலும் அந்த எதிர்பார்ப்பு அறைக்குள் இருந்தது. அவரும் அதற்குக் கீழ்ப்படிந்து பாடியிருந்தார்.

இரண்டாம் வடிவத்தில் ஐந்து அரைச்சுருதி கீழே இறங்கி ஈ சுருதிக்கு வந்தோம். உச்சம் 330 ஹெர்ட்ஸ் ஆயிற்று. குரல் நெஞ்சிலிருந்து வந்தது. கிட்டாரிலும் அது வசதியாக அமைந்தது. திறந்த நரம்புகள் தாமாகவே அதிரும் சுருதி அது. இரண்டு நரம்புகள் சேர்ந்து முழங்கும்போது தனியாக ஒரு கீபோர்ட் தேவைப்படவில்லை. முதல் ஒத்திகையில் பல்லவியைப் பாடி முடித்ததும் அவர் உடனே மறுபடி பாடினார். எவரும் கேட்கவில்லை. தன் குரலிலேயே ஒரு பாட்டு இருப்பது அவருக்குப் பிடித்திருந்தது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் இனி இந்தப் பாட்டு நின்றுவிடும் என்ற நம்பிக்கை அப்போதுதான் வந்தது.

தாளம்

மெதுவான நான்கு-நான்கு தாளத்தைத் தூக்கிப் போட்டவர் பேஸ்காரர். அவருடைய குடும்பத் திருமணங்களில் தாத்தா வயலினில் கப்ரிஞ்ஞா என்னும் ஆட்ட இசை வாசித்ததைக் கேட்டு வளர்ந்தவர். போர்த்துக்கேயர் 1639இல் இந்தக் கோட்டையை ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். ஆனால் அவர்களின் மொழியிலிருந்து பிறந்த ஒரு பேச்சையும் அதோடு ஒட்டிய ஆட்டத்தையும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்திருக்கின்றன. தெற்கில் அந்த நடை வாலி பஸ்தியன் போன்ற பாடகர்களின் கையில் பைலா என்னும் ஆட்டப் பாட்டாகப் பரவியது. அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளிலும் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பாடிய ஈழத்துப் பொப் பாடல்களின் அடியிலும் அதே துள்ளல் ஓடுகிறது. ஆகவே திருகோணமலையில் ஒரு ரொக் பாட்டு அந்தத் துள்ளலை எடுத்தால் அது இரவல் அல்ல, வீட்டுச் சொத்து.

ஆறு-எட்டு தாளத்தில் ஒரு சுற்றுக்கு ஆறு துடிப்புகள். அவற்றை மும்மூன்றாக இரண்டு கூறுகளாகவும் எண்ணலாம், இரண்டிரண்டாக மூன்று கூறுகளாகவும் எண்ணலாம். டிரம்ஸ்காரர் மும்மூன்றாக வைத்து, நான்காவது துடிப்பில் ஸ்நேர் முரசை ரொக் பாணியில் ஓங்கி அடித்தார். பேஸ்காரர் பல்லவியில் மட்டும் இரண்டிரண்டாக நடந்தார். இரண்டு கணக்கும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே போய் அடுத்த சுற்றின் முதல் துடிப்பில் சேர்ந்து விழும். யாரும் மற்றவர் கணக்குக்கு மாறவில்லை. பாட்டு சொல்ல நினைத்ததை இந்த இடம் வரிகளைவிடத் தெளிவாகச் சொல்கிறது என்று நான் நம்புகிறேன். மெட்ரோனோமை நிறுத்திவிட்டோம். பாடல் தொடக்கத்தில் நிமிடத்துக்கு 104 இல் நடக்கிறது, முடியும்போது 109 ஐத் தொடுகிறது. மகிழ்ச்சியில் வேகம் ஏறுவது மனித இயல்பு, அதை நேராக்கவில்லை.

அறை

பதிவுக்குக் கிடைத்த இடம் உவர்மலையில் மூடிக்கிடந்த ஒரு டியூட்டரியின் மேல்மாடி வகுப்பறை. சீமெந்துத் தரை, சாந்து பூசிய சுவர், 14 அடி நீளம். மூவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாசிக்க வேண்டும் என்பது பாடகியின் ஒரே நிபந்தனை.

சுருதியை இறக்கியதால் எழுந்த சிக்கல் இங்கே வெளிப்பட்டது. பேஸ் கிட்டாரின் அடி நரம்பு ஈ ஸ்வரத்தில் 41 ஹெர்ட்ஸ். காற்றில் ஒலியின் வேகம் வெப்பத்தோடு கூடும். நம் ஊரின் 31 பாகை வெப்பத்தில் அது நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர். 14 அடி என்பது ஏறத்தாழ 4.27 மீட்டர். வேகத்தை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அறை தானாக முழங்கும் முதல் அதிர்வு கிடைக்கும்; வருவது அதே 41 ஹெர்ட்ஸ். அதாவது பாட்டின் ஆதார ஸ்வரமும் அறையின் முதல் அதிர்வும் ஒன்றாகவே இருந்தன. பேஸ்காரர் அடி நரம்பைத் தொட்ட போதெல்லாம் அறை முழுவதும் உறுமியது. முரசு, குரல் எல்லாம் அதற்குள் மூழ்கின.

சுவரோரம் தும்பு மெத்தைகளைச் சாய்த்துப் பார்த்தோம். கைதட்டினால் வரும் கூர்மையான எதிரொலி அடங்கியது, உறுமல் அடங்கவில்லை. 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். அதை மெத்தையால் உறிஞ்ச வேண்டுமானால் அதில் கால் பங்கு, அதாவது இரண்டு மீட்டர் தடிப்பில் மெத்தை வேண்டும். சுருதியை அரைப் படி ஏற்றினால் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். பாடகியின் குரலுக்குப் பொருந்திய இடத்தை ஒரு சுவருக்காக விட்டுக்கொடுக்க எங்களில் எவருக்கும் மனமில்லை. கடைசியில் பேஸ் கிட்டாரின் ஒலிபெருக்கியை (அம்ப்) அறையிலிருந்தே எடுத்துவிட்டோம். பேஸ் கிட்டாரை, ஒலிவாங்கி இல்லாமலே இணைக்க உதவும் டிஐ பெட்டி வழியாக நேரே ஒலிப்பதிவுக் கருவிக்குள் கொடுத்தோம். அறைக்குள் அந்த ஸ்வரம் எழவே இல்லை. எல்லோரும் ஹெட்ஃபோனில் கேட்டு வாசித்தார்கள். கிட்டார் அம்ப் வெளி விறாந்தைக்குப் போயிற்று, அதன் முன்னால் ஒரு ஷூர் எஸ்எம்57 ஒலிவாங்கி.

குரலுக்கு எஸ்எம்58 ஒலிவாங்கி. அது முன்பக்கத்தை நன்றாகக் கேட்கும், நேர் பின்பக்கத்தை மிகக் குறைவாகக் கேட்கும் வகை. ஆகவே முரசின் சத்தம் குரலுக்குள் அதிகம் கசியாமல் இருக்க, ஒலிவாங்கியின் முதுகு முரசைப் பார்க்க வேண்டும். அப்படி வைத்தால் பாடகி டிரம்ஸ்காரரை நேருக்கு நேர் பார்த்தபடிதான் பாட முடியும். தொழில்நுட்பம் கேட்டதும் நட்பு கேட்டதும் ஒன்றாகவே இருந்தன.

முரசுக்கு மூன்று ஒலிவாங்கிகள் மட்டும். ஆங்கிலேய ஒலிப்பதிவாளர் கிளின் ஜோன்ஸ் பெயரால் அறியப்படும் முறையில், மேலே ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றும் ஸ்நேர் முரசின் நடுவிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே அடி இரண்டு நேரங்களில் பதிவாகி ஒலி மெலியும். தூரத்தை அளக்க டிரம்ஸ்காரர் வீட்டிலிருந்து மீன்பிடி நூலான தங்கூசி கொண்டுவந்தார். மூன்றாவது ஒலிவாங்கி கீழே பெரிய முரசுக்கு.

கச்சான் காற்று வீசும் மாதம். யன்னலைத் திறந்தால் காற்று ஒலிவாங்கியில் அறைந்தது. பூட்டினால் மின்விசிறியும் இல்லாமல் புழுங்கியது. இரவுத் தொழுகைக்கான பாங்கு முடிந்த பிறகு தொடங்கி, பக்கத்து வீட்டார் படுக்கும்வரை வாசிப்பது என்று ஏற்பாடு. வியர்வையில் டிரம்ஸ் குச்சி கையை விட்டு ஒருமுறை பறந்தே போயிற்று.

கலவை

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே அறையில் சேர்ந்து வாசித்ததால் ஒருவர் ஒலி மற்றவர் ஒலிவாங்கியிலும் இருந்தது. குரலின் சுருதியைக் கணினியில் திருத்தினால் அதில் கசிந்திருக்கும் ஸ்நேரும் சேர்ந்து கோணும். ஆகவே திருத்தவில்லை. ஸ்பொட்டிஃபை போன்ற தளங்கள் எப்படியும் −14 எல்யூஎஃப்எஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்கு ஒலியைச் சமன் செய்துவிடுகின்றன. சத்தத்தை நசுக்கி ஏற்றுவதில் பயனில்லை. ஓங்கிய அடி ஓங்கியும் மெல்லிய இடம் மெல்லியும் இருக்க விட்டேன்.

மேடையும் பிறகும்

முதல்முறை பாடியது உப்புவெளிக் கடற்கரையில் ஒரு சிறிய விடுதியின் முற்றத்தில். சுற்றுலாப் பயணிகள் தாளத்துக்கு ஆடினார்கள். திருக்கடலூரிலிருந்து வந்த பெண்கள் ‘பிளேன்டீ இரண்டு’ என்ற இடத்தில் சிரித்தார்கள். இரண்டாம் முறை வந்தபோது கூடவே பாடினார்கள். டிரம்ஸ்காரரின் உறவினர் ஒருவர் பாட்டு முடியும் முன் எழுந்து போனார். அந்த வீட்டோடு இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. மாமி வரவில்லை. பாட்டைக் கைப்பேசியில் கேட்டார் என்று அறிந்தேன். கோப்பை இன்னும் யன்னலிலேயே இருக்கிறது. பாடல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான், ஆனால் அது உண்மையல்ல. மாறியது வேறு: அழுதுகொண்டே பாராட்ட வந்தவர்கள் போய், “அடுத்த பாட்டு எப்போது?” என்று கேட்பவர்கள் வந்தார்கள். பாடகிக்கு அது போதுமாக இருந்தது.

வெளியிடும் முன் மூவரும் ஒரு ஒப்பந்தம் எழுதினார்கள். இசைக்குழுக்கள் பிரிவது பெரும்பாலும் யார் எழுதியது, யாருக்கு எவ்வளவு என்ற கேள்வியில்தான் என்பதால் இதைத் தொடக்கத்திலேயே வலியுறுத்தினேன். யார் எந்த வரியைக் கொண்டுவந்தார் என்று பிரிக்காமல், வரிகளுக்கும் இசைக்கும் மூவரும் கூட்டு ஆசிரியர்கள், வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒவ்வொருவருக்கும் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி கூட்டுப் படைப்பின் உரிமை, கடைசியாக உயிரோடிருக்கும் ஆசிரியரின் மறைவுக்குப் பிறகும் 70 ஆண்டுகள் நீடிக்கும். அப்போது தன் பங்கு யாரிடம் போகும் என்று பாடகி கேட்டார். பிறந்த வீட்டோடு அவருக்குத் தொடர்பில்லை. நொத்தாரிசிடம் போய் ஒரு மரண சாசனம் எழுதினார். தன் பங்கை டிரம்ஸ்காரரின் மகளுக்கு எழுதிவைத்திருக்கிறார்.